குளோப் முற்றத்தில் நின்று பார்த்த ‘கனவு’: 5 பவுண்டு டிக்கெட்டும் கூட்டத்தின் சத்தமும்

கேள்வி, 11 ஜூன் 2016

அடுத்த மாதம் லண்டன் வருகிறேன். குளோப் அரங்கில் ஷேக்ஸ்பியரின் ‘மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ (சுருக்கமாக ‘கனவு’) நடக்கிறதாம். கல்லூரியில் பாடமாகப் படித்தது. நின்று பார்க்க 5 பவுண்டுதான். ஆனால் கூட்டம் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்கும், வசனம் காதில் விழாது என்கிறார் ஒருவர். இன்னொருவர், சித்தார், பலூன், பாப் பாட்டு என்று ஏதேதோ செய்திருக்கிறார்கள், இது ஷேக்ஸ்பியரே இல்லை என்கிறார். போகலாமா? போனால் நிற்கலாமா, கூடக் கொடுத்து உட்காரலாமா?

12 ஜூன் 2016

கட்டாயம் போங்கள். ஆனால் உட்கார்ந்து பாருங்கள். போன வாரம் மாலைக் காட்சிக்கு நான் முற்றத்தில் நின்றேன். பாதி நாடகம் சத்தத்தோடு போய்விட்டது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் கூரையில்லாத முற்றம், 700 பேர் வரை நிற்கலாம். சுற்றிலும் மூன்று அடுக்கு மாடம். மேடை முற்றத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், மூன்று பக்கமும் ஆட்கள். முன்னால் போய்விட்டால் மேடை விளிம்பில் கை ஊன்றிக்கொள்ளலாம், நடிகரின் செருப்பு உங்கள் முகத்துக்கு நேரே இருக்கும். மழை வந்தால் நனைய வேண்டியதுதான், குடை விரிக்க விடமாட்டார்கள். தரையில் உட்காரவும் விடமாட்டார்கள். இடைவேளையோடு சேர்த்து ஏறக்குறைய மூன்று மணி நேரம்.

எனக்குப் பின்னால் நான்கு பேர், கையில் பீர், வாயில் ஆபீஸ் கதை. யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு இல்லை என்பது எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. முன்னால் பள்ளிப் பிள்ளைகள் இருபது பேர் இருக்கும். மேடையில் யார் யாரைத் தொட்டாலும் ஊளை. தலைக்கு மேலே ஹீத்ரோவில் இறங்கப் போகும் விமானம் வேறு.

எனக்கு இந்த நாடகத்தில் உயிர் ஓர் இடம். தேவதை ராஜா ஓபரானோடு சண்டை போடும்போது அவன் ராணி டைட்டானியா நீளமாக ஒன்று பேசுவாள். நாம் இருவரும் சண்டை போட்டதால் பருவமே தப்பிவிட்டது என்பாள். ஆறு கரையை மீறிவிட்டது, மாடு நுகத்தடி இழுத்தது வீண், உழவன் சிந்திய வியர்வை வீண், பச்சைப் பயிர் தாடி முளைக்கும் வயதுக்கு முன்பே அழுகிப்போனது, ஆட்டுப்பட்டி வெள்ளக்காட்டில் காலியாகக் கிடக்கிறது. தாடி என்பது கதிரின் முனையில் இருக்கும் முடி. 1594 முதல் மூன்று வருடம் இங்கிலாந்தில் அடைமழை, விளைச்சல் போச்சு. அந்தக் காலத்தில் எழுதிய வரிகள். அதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன். எப்போது வந்தது, எவ்வளவு வந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. பின்னால் யாரோ ராஜினாமா செய்துகொண்டிருந்தார்.

அதனால்தான் சொல்கிறேன், மாடத்தில் உட்காருங்கள்.

13 ஜூன் 2016

ஒன்று விட்டுப்போயிற்று. மாடத்திலும் சொகுசு கிடையாது. சாய முதுகில்லாத பெஞ்சுதான் பெரும்பாலும். மெத்தை வாடகைக்குத் தருவார்கள், யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் இரண்டு பெரிய தூண்கள் உண்டு, பக்கவாட்டு இடங்களில் அவை மறைக்கும். டிக்கெட் எடுக்கும்போது பாருங்கள்.

19 ஜூன் 2016

‘ஷேக்ஸ்பியரே இல்லை’ என்பதற்கு நான் பதிலே எழுதவில்லை. சத்தத்தின் மேல் இருந்த கோபத்தில் நாடகத்தை மறந்துவிட்டேன்.

எம்மா ரைஸ் இந்த வருடம்தான் குளோபின் கலை இயக்குநராக வந்தார். இதுதான் இங்கே அவருடைய முதல் நாடகம். முற்றத்துக்கு மேலே வெள்ளை வெள்ளையாகப் பெரிய பலூன்கள். ஷீமா முகர்ஜி சித்தார் வாசிக்கிறார். கதைக்குள் நாடகம் போடும் கைத்தொழிலாளிகளை குளோபின் ஊழியர்களாகவே ரைஸ் மாற்றிவிட்டார். பக் என்ற குறும்புக்காரத் தேவதை வேடத்தில் கேட்டி ஓவன், கையில் தண்ணீர்த் துப்பாக்கி, முற்றத்தில் நிற்பவர்கள் மேல் பீய்ச்சுகிறார். ஹெர்மியா வேடத்தில் அஞ்சனா வாசன், சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்தவர். வசனத்திலும் கை வைத்திருக்கிறார்கள், அங்கங்கே இன்றைய லண்டன் எட்டிப்பார்க்கும்.

இதெல்லாம் மேல்பூச்சு. உள்ளே ரைஸ் ஒரு காரியம் செய்திருக்கிறார், அதற்காகவே போக வேண்டும். ஹெலனா என்ற பெண்ணை ஹெலனஸ் என்ற ஆணாக்கிவிட்டார். அங்குர் பாஹல் நடிக்கிறார்.

கதை நினைவிருக்கும். டெமெட்ரியஸ் முன்பு ஹெலனாவைக் காதலித்தவன். இப்போது அவளை விட்டுவிட்டு ஹெர்மியாவைக் கட்டுவேன் என்று நிற்கிறான். ஹெர்மியாவின் அப்பாவும் அவன் பக்கம். ஏன் விட்டான்? மூலத்தில் காரணமே கிடையாது. கல்லூரியில் படித்தபோது, ஆண் மனசு அப்படித்தான் என்று வாத்தியார் சொன்னதை எழுதிக்கொண்டேன். இங்கே ஹெலனா ஹெலனஸ் என்ற பையன் ஆனவுடன் காரணம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. டெமெட்ரியஸ் அவனைத் திட்டுகிற ஒவ்வொரு திட்டிலும் பயம் கேட்கிறது. ‘உன்னைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது’ என்று ஒரு வரி. எத்தனையோ தடவை படித்த வரி. டெமெட்ரியஸாக நடிக்கும் சுட்டி கட்வா அதைச் சொன்னபோதுதான், அவன் தனக்கே சொல்லிக்கொள்கிறான் என்று தோன்றியது.

இன்னொன்று. காட்டில் தூங்குபவர் கண்ணில் ஒரு மூலிகைச் சாறு விடுவார்கள், விழித்ததும் முதலில் பார்ப்பவர் மேல் காதல் வந்துவிடும். கடைசியில் அந்தச் சாறு எல்லார் கண்ணிலிருந்தும் இறங்கிவிடுகிறது, டெமெட்ரியஸ் கண்ணில் மட்டும் அப்படியே இருக்கிறது. மயக்கத்திலேயே ஹெலனாவைக் கல்யாணம் செய்துகொள்கிறானே என்று எனக்கு இந்த முடிவு எப்போதும் உறுத்தும். இந்த மேடையில் அந்த உறுத்தல் திசை மாறுகிறது. சாறு அவனை மயக்கியதா, அவன் மேல் ஏற்கெனவே இருந்த மயக்கத்தை எடுத்ததா?

மூலத்தை மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: 1662இல் சாமுவேல் பீப்ஸ் இந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு, வாழ்நாளில் பார்த்ததிலேயே சப்பென்ற, அபத்தமான நாடகம் என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1970இல் இயக்குநர் பீட்டர் புரூக், ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்டிராட்ஃபோர்டில் காட்டையே எடுத்துவிட்டு வெள்ளைப் பெட்டி ஒன்றை வைத்து, தேவதைகளை ஊஞ்சலில் ஆட விட்டார். இன்றைக்கு அதுவே பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

20 ஜூன் 2016

நண்பர் ஒருவரிடம் பேசும்போது, குளோபுக்காக எழுதிய நாடகத்தை அது எழுதப்பட்ட இடத்திலேயே பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டும் தப்பு. இங்கேயும் யாராவது அப்படி நினைத்திருக்கலாம்.

நாடகம் 1595–96 வாக்கில் எழுதியது. குளோப் கட்டியது 1599. அதற்கு முன்பு ஷேக்ஸ்பியரின் குழு ஆடியது தேம்ஸுக்கு வடக்கே ஷோர்டிச்சில், பெயரே ‘தி தியேட்டர்’. நிலத்துக்காரரோடு குத்தகைத் தகராறு வந்து, 1598 டிசம்பர் குளிரில் அரங்கைப் பிரித்து, அந்த மரத்தையெல்லாம் தென்கரைக்குக் கொண்டுவந்து குளோபைக் கட்டினார்கள். அதனால் ‘கனவு’ முதலில் கேட்ட மரங்கள் குளோபுக்கும் வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். அந்தக் குளோப் 1613 ஜூன் 29 அன்று நாடகத்துக்கு நடுவே வெடித்த பீரங்கிப் பொறி கூரையில் பட்டு எரிந்தது. ஒருத்தரின் கால்சட்டையில் தீப்பிடித்து, பாட்டில் பீரை ஊற்றி அணைத்தார்களாம். உயிர்ச்சேதம் இல்லை. இப்போது இருக்கும் குளோப் 1997இல் திறந்தது. பழைய இடம் அங்கிருந்து ஏறக்குறைய 230 மீட்டர் தள்ளி.

2 ஜூலை 2016

சத்தம் அந்தக் காலத்திலும் இருந்ததுதானே, பிறகு என்ன குறை என்று கேட்கிறார்கள். இருந்தது. முற்றத்தில் நிற்க அன்றைக்கு ஒரு பென்னி. நிற்பவர்களுக்கு ‘கிரவுண்ட்லிங்’ என்ற பெயரை ‘ஹாம்லெட்’டில் ஹாம்லெட் வாயிலிருந்தே கேட்கிறோம். அடியில் கிடந்து வாயைப் பிளந்து மேலே பார்க்கும் ஒரு சின்ன மீனின் பெயர் அது. ஊமைக்கூத்தும் இரைச்சலும் தவிர அவர்களுக்கு ஒன்றும் புரியாது என்கிறான். அதைச் சொன்ன நடிகருக்குக் கீழே அந்த மீன்கள் நூற்றுக்கணக்கில் நின்றுகொண்டிருந்தன. அவர்கள் சும்மா கேட்டிருப்பார்களா?

அதே காட்சியில் இன்னும் கொஞ்சம் தள்ளி, கோமாளி வேடம் போடுகிறவர்கள் எழுதிக் கொடுத்ததற்கு மேல் பேசக்கூடாது, கூட்டத்தைச் சிரிக்கவைக்க முதலில் தானே சிரித்துவிடுகிறார்கள் என்று ஒரு கோபம். ஆக நம் சண்டைக்கு 400 வயது தாண்டிவிட்டது.

ஆனாலும் என் கருத்து மாறவில்லை. மேடையைப் பார்த்துக் கத்துவது வேறு, மேடைக்கு முதுகைக் காட்டிப் பேசுவது வேறு.

24 ஜூலை 2016

மறுபடி போனேன். இந்தத் தடவை மதியக் காட்சி, அத்தையோடு.

அத்தை மன்னார்குடிப் பக்கம். சொந்தமாகக் கொஞ்சம் நிலம், இப்போதும் வயலில் இறங்கி வேலை செய்பவர். ஆறு வாரம் எங்களோடு இருக்க வந்திருக்கிறார். ஆங்கிலம் தெரியாது. வீட்டிலேயே எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார் என்றுதான் கூட்டிப்போனேன். மாடத்தில் இடம் தீர்ந்துவிட்டது. மூன்று மணி நேரம் நிற்க முடியுமா அத்தை என்றேன். “நாத்து நட்ட காலுடா இது” என்றார்.

ரயிலில் போகும்போது கதையைச் சொன்னேன். டைட்டானியாவின் பேச்சையும் எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். பயிர் அழுகியதைக் கேட்டதும் அத்தை, “பால் புடிக்கறதுக்கு முந்தியா, அப்பறமா?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. தாடி முளைக்கும் முன்பு என்றால் கதிரே வரவில்லை என்று நினைக்கிறேன் என்றேன். “அப்ப முழுசும் போச்சு” என்றார், யாரோ தெரிந்தவர் வயலைச் சொல்வதுபோல.

நாடகம் தொடங்கியதிலிருந்து கேள்வி. யாருடா இவன், இந்தப் பொண்ணு யாருக்கு மகள், ராஜாவா வர்றவனே தேவதை ராஜாவும் வர்றானே, ஒரே ஆளா? (ஒரே ஆள்தான். ஸுபின் வர்லா. அத்தை முகத்தைப் பார்த்த இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்.) நான் காதோடு பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். காட்டில் ஹெலனஸ் டெமெட்ரியஸ் பின்னாலேயே ஓடும் இடம் வந்தது.

“ஏண்டா, இவன் எதுக்கு அவன் பின்னாடியே ஓடுறான்?”

“முன்னாடி அவன் இவனைத்தான் விரும்பினான் அத்தை.”

“அப்பறம்?”

“இப்ப இல்லேங்கிறான்.”

அத்தை கொஞ்சம் பார்த்தார். “ஊருக்குப் பயந்துக்கிட்டுத்தான்.”

ஜூன் 19ஆம் தேதி நான் இரண்டு பத்தி எழுதியதை அத்தை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டார். அதை அவர் காதோடு சொல்லவில்லை. வயலில் வரப்புக்கு வரப்பு பேசுகிற குரல். முன்னால் நின்றவர் திரும்பி, உதட்டில் விரலை வைத்து உஷ் என்றார்.

அத்தை சட்டென்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். இடைவேளை வரைக்கும் எடுக்கவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. பக் பீய்ச்சிய தண்ணீர் எங்கள் பக்கம் வந்து எல்லாரும் கத்தியபோதுகூட தலைப்புக்குள்ளேயே சிரித்தார். எனக்கு நெஞ்சு அடைத்தது. அந்த மனிதர் மேல் தப்பில்லை. போன மாதம் நான் அவர் இடத்தில்தான் நின்றேன். திரும்பி உஷ் என்று சொல்லாததுதான் வித்தியாசம். எனக்குப் பின்னால் பேசிய அந்த நான்கு பேரில் ஒருத்தருக்காவது மற்றவர்கள் கதை சொல்லிக்கொண்டிருந்தார்களா என்று நான் கேட்டுப்பார்க்கவே இல்லை. ஆபீஸ் கதைதான் என் காதில் விழுந்தது, ஏனென்றால் அதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். அந்த மனிதரே வந்து, உங்கள் அத்தை என்ன சொன்னார் என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். “சரிதான், சரிதான்” என்று அத்தையைப் பார்த்துத் தலையாட்டினார். அதற்குப் பிறகு தலைப்பு கீழே இறங்கியது.

25 ஜூலை 2016

நேற்று எழுதும்போது அழுகை வந்துவிட்டது, முக்கியமானது விட்டுப்போயிற்று.

ஐந்தாம் அங்கம். கைத்தொழிலாளிகள் அரண்மனையில் நாடகம் போடுகிறார்கள். பார்க்கும் பெரிய மனிதர்கள் வரிக்கு வரி கேலி பேசுவார்கள். அதாவது இந்த நாடகத்துக்குள்ளேயே சத்தம் போடும் கூட்டம் ஒன்று இருக்கிறது, அதுவும் உட்கார்ந்து பார்க்கும் கூட்டம். நிலவாக வருபவர் விளக்கோடு வந்து தன் பாட்டைத் தொடங்குவார். இடைமறிப்பார்கள். மறுபடி தொடங்குவார். மறுபடி இடைமறிப்பார்கள். கடைசியில் பாட்டை விட்டுவிட்டு வெறும் பேச்சாகச் சொல்வார்: நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், இந்த விளக்கு நிலவு, நான் நிலவில் இருக்கும் மனிதன், இந்த முள்செடி என் முள்செடி, இந்த நாய் என் நாய்.

முற்றம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், இருபது வருடமாகச் சிரிக்கும் இடம். பக்கத்தில் அத்தை சத்தமாக, “பாவம், அந்தப் புள்ளைய சொல்ல விடுங்களேன்!” என்றார். மேடையில் இருந்த ஒருத்தர் எங்கள் பக்கம் பார்த்தார். மொழி புரிந்திருக்காது, யாரைத் திட்டுகிறார் என்பது புரிந்திருக்கும். நல்ல வெயில், அத்தை முகம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

இரண்டு தடவை தடுத்த பிறகும் விளக்கைக் கீழே வைக்காமல் நிற்கிற ஓர் ஆளைப் பார்த்து இத்தனை நாள் சிரித்திருக்கிறேன்.

9 ஆகஸ்ட் 2016

ஏன் முதல் தடவை எரிச்சல், இரண்டாம் தடவை இல்லை? அத்தை ஒரு காரணம். ஆனால் அன்று மதியம் மொத்தக் கூட்டமே வேறு மாதிரி இருந்தது. சத்தம் குறைவில்லை, ஆனால் எல்லாம் மேடையை நோக்கிப் போனது.

மைக்தான் காரணம் என்று நினைக்கிறேன். ரைஸ் இங்கே ஒலிபெருக்கியைக் கொண்டுவந்துவிட்டார். நடிகர் இடது பக்கம் நிற்க, குரல் வேறெங்கோ இருந்து வருகிறது. குரலை ஏற்றிவிட்டால் கூட்டம் அடங்க வேண்டிய தேவை இல்லை. மைக் இல்லாமல் பேசினால், நாம் வாயை மூடினால்தான் கேட்கும். நடிகரும் நம்மை அடக்கித்தான் பேச வேண்டும். ஊரில் கூத்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். பாதிப் பேர் பாயில் தூங்கிக்கொண்டிருப்பார்கள், நல்ல கூத்துக்காரர் ஒற்றைக் குரலில் எழுப்பிவிடுவார்.

14 ஆகஸ்ட் 2016

மேலே எழுதியது தப்பு. மைக் இரண்டு காட்சியிலும் இருந்தது. குரல் வேறெங்கோ இருந்து வந்தது அன்று மதியமும்தான்.

மாறியது வெளிச்சம். குளோபில் முன்பெல்லாம் மாலைக் காட்சிக்கும் பொதுவான விளக்கு போட்டுப் பகல் மாதிரியே வைத்திருப்பார்கள். நடிகருக்கு நாம் தெரிவோம், நமக்கு நாம் தெரிவோம். ரைஸ் மேடை விளக்குகளைக் கொண்டுவந்தார், வண்ணங்கள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இருட்டியதும் மேடை மட்டும் ஜொலித்தது, முற்றம் மங்கிவிட்டது. மங்கலில் நிற்பவருக்குத் தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற தைரியம் வந்துவிடுகிறது, டிவி முன்னால் பேசுவது மாதிரி பேசுகிறார். மதியம் அது முடியாது. சுற்றியிருக்கும் மாடத்தில் எல்லா முகமும் தெரியும். உஷ் என்றவர் முகம் தெரிந்ததால்தான் இடைவேளையில் அவரோடு பேச முடிந்தது.

அதனால் ஜூன் 12 அன்று நான் சொன்ன யோசனையை மாற்றிக்கொள்கிறேன். நில்லுங்கள். ஆனால் மதியக் காட்சிக்குப் போய் நில்லுங்கள்.

21 ஆகஸ்ட் 2016

தமிழில் இந்த நாடகம் மேடையில் வந்ததுண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். தமிழ் கலந்து வந்திருக்கிறது. 2006இல் இயக்குநர் டிம் சப்பிள் இந்தியா, இலங்கை நடிகர்களை வைத்துச் செய்தார். ஆங்கிலத்தோடு தமிழ், மலையாளம், சிங்களம், இந்தி, வங்காளம், மராத்தி, சமஸ்கிருதம். பின்சுவர் முழுக்க மூங்கில் சட்டத்தில் ஒட்டிய காகிதம், தேவதைகள் அதைக் கிழித்துக்கொண்டு வருவார்கள். எல்லா மொழியும் தெரிந்தவர் பார்வையாளரில் அனேகமாக ஒருவரும் இருந்திருக்க மாட்டார். பக்கத்தில் இருப்பவரிடம் ‘என்ன சொன்னான்’ என்று எல்லாரும் கேட்டிருப்பார்கள்.

26 அக்டோபர் 2016

நேற்று செய்தி வந்துவிட்டது. எம்மா ரைஸ் 2018 ஏப்ரலில் குளோபை விட்டுப் போகிறார். அதற்குப் பிறகு ஒலிபெருக்கி, மேடை விளக்கு இல்லாமல், நடிகருக்கும் பார்வையாளருக்கும் ஒரே வெளிச்சம் என்ற பழைய முறைக்கே திரும்புவதாக நிர்வாகக் குழு சொல்லியிருக்கிறது. டிக்கெட் நன்றாக விற்றது, புதிய ஆட்கள் வந்தார்கள் என்பதையும் அவர்களே சொல்கிறார்கள்.

ஆகஸ்டில் நான் எழுதியதைப் படித்தவர்கள், நீ கேட்டது கிடைத்துவிட்டதே என்கிறார்கள். எனக்குச் சந்தோஷமாக இல்லை. வெளிச்சம் பற்றி நான் எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் விளக்கை எடுப்பதற்கு ஆளையும் அனுப்ப வேண்டுமா? ஹெலனஸை யோசித்தது அந்த ஆள்தான். விளக்கைப் பற்றி உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கலாம், இரண்டு வருடமாவது பேசியிருக்கலாம். ஒரே வெளிச்சத்தில், மைக் இல்லாமல், இதே நாடகத்தை இவரே செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நேற்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

30 அக்டோபர் 2016

அத்தையிடம் போனில் சொன்னேன். நாடகம் போட்ட அம்மாவை அனுப்புகிறார்களாம் என்று. “ஏன், நல்லாத்தானே போட்டாங்க” என்றார். விளக்கு, மைக் எல்லாம் விளக்கினேன். கேட்டுக்கொண்டார். அப்புறம், “அந்தப் பையன் ரெண்டு பேரும்?” என்றார். நாடகம் செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது அத்தை என்றேன். “அது தெரியும்டா. கடைசில ஒண்ணாத்தானே இருந்தாங்க?” ஆமாம் என்றேன். நடவு முடிந்துவிட்டது, மழைதான் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.